நாலு நிமிஷ ராஜா

பாலுவுக்குக் கோபம் வர வேண்டுமென்றால் அவரைக் குள்ளன் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சொல்லுக்குக் காது கொடுப்பதை அவர் என்றோ விட்டுவிட்டார். தூக்கினால்தான் கோபம் வரும். மூன்றே முக்கால் அடி உயரத்தில் ஒரு மனிதரைப் பார்த்தால் சிலருக்குக் கை துறுதுறுவென்று இருக்கிறது. அவருக்கு நாற்பத்தொரு வயது, மீசையில் பாதி நரை, வீட்டில் சொந்தத் தறி என்பதெல்லாம் அவர்கள் கண்ணில் படுவதில்லை. ஆரணிப் பேருந்து நிலையத்தில் படியில் கால் வைப்பதற்குள் பின்னாலிருந்து எவனோ ஒரு புண்ணியவான் இரண்டு கக்கத்திலும் கைகொடுத்து அலாக்காகத் தூக்கி உள்ளே வைத்துவிடுவான். கேட்டால் உதவியாம். இறங்கும்போதும் இதே உதவி நடக்கும். அதனாலேயே பாலு வேலூருக்குப் போகிற வேலை இருந்தாலும் முடிந்தவரை தள்ளிப்போடுவார்.

இன்னொரு தொல்லை கல்யாண மண்டபக்காரர்கள். முகூர்த்த மாதம் பிறந்தால் போதும், யாராவது ஒருவர் தறிக்கூடத்து வாசலில் வந்து நிற்பார். வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் பன்னீர் தெளிக்க வேண்டும், கலர் கலராகச் சட்டை அவர்களே தருவார்கள், மூக்கில் சிவப்பாக ஒரு பந்து மாட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. இருபது வருஷமாகப் பாலுவின் பதில் ஒன்றுதான்.

"தறியில பாவு கீதுங்க. நிறுத்த முடியாது."

உண்மையில் நீளவாட்டு இழையான பாவு தறியில் ஏற்றாத நாளிலும் அதையே சொல்வார்.

அந்தத் தறியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழித்தறிதான், எல்லார் வீட்டிலும் இருப்பது. ஆனால் மிதிகட்டை இரண்டின் மேலும் வேப்பங்கட்டையைச் செதுக்கி ஆணி அடித்து, தன் கால் எட்டும்படி பாலுவே செய்துகொண்டார். உட்காரும் பலகையையும் முன்னால் தள்ளிப் போட்டிருக்கிறார். வேறு யாராவது உட்கார்ந்தால் முட்டி தாடையில் இடிக்கும். குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்துவிட்டால் பாலுவும் மற்றவர்களும் ஒரே உயரம். அவருக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

கல்யாணமும் அந்தத் தறியால்தான் நடந்தது. ஒண்ணுபுரத்திலிருந்து மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள், நெசவுக் குடும்பங்களில் வழக்கப்படி, காபியைத் தொடுவதற்கு முன்னால் தறியில் இருந்த துணியைப் பார்த்தார்கள். அன்றைக்குப் பெண்ணும் கூடவே வந்திருந்தாள். ரேணுகாம்பாள், ஐந்தடி மூன்று அங்குலம். அவள் மாப்பிள்ளை முகத்தைப் பார்க்காமல் நேராகத் தறிக்குப் போய்த் துணியின் அடிப்பக்கத்தில் விரலை ஓட்டினாள். அறுந்த இழையை முடிந்தால், முடிச்சின் இரண்டு வாலையும் ஒட்ட நறுக்க வேண்டும். நறுக்காமல் விட்டால் அது இழைகள் நுழைந்து வரும் அச்சில் மாட்டும், பக்கத்து இழையையும் அறுக்கும், துணியில் உறுத்திக்கொண்டு நிற்கும். சோம்பேறிக் கைக்கு அதுதான் அடையாளம். ரேணுகாம்பாள் ஒரு முழம் தடவிப் பார்த்துவிட்டு அப்பாவிடம், "ஒரு வால் கூட இல்லப்பா" என்றாள். பதினாறு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அவள் அவரைப் பாராட்டியதாகப் பாலுவுக்கு ஞாபகம் இல்லை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் போன பங்குனியில் சார்லி வந்து சேர்ந்தான்.

சார்லி ஆரணிக்குப் பக்கத்துச் சேத்துப்பட்டுக்காரன். சென்னையில் சினிமா படிப்பு படித்துவிட்டு வந்து, யூடியூபில் சொந்தமாக ஒரு சேனல் வைத்திருந்தான். மண்டபக்காரர்கள்போல வாசலில் நிற்காமல் உள்ளே வந்து, தறிக்குழி ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பாலு குறுக்கிழை ஓட்டும் நாடாவை நிறுத்தாமலே தன் பழைய பதிலைச் சொல்ல வாயெடுத்தார்.

"அண்ணா, ராஜா வேஷம்ணா" என்றான் சார்லி.

நாடா நின்றது.

பூமிக்கு அடியில் ஒரு தேசமாம். மேலே ராட்சசர்கள், இறக்கை முளைத்த குதிரைகள். கீழே குள்ளர்கள். அவர்களுடைய ராஜா பெயர் வச்சிரமுடி. அவன் சிம்மாசனத்தைச் சுற்றிப் பொன்னிழையால் ஒரு வலை. ராஜாவின் உயிர் அந்த வலையில் இருக்கிறது. கடைசி இழை அறுகிறவரை அவனை யாராலும் கொல்ல முடியாது. சார்லி கையை ஆட்டி ஆட்டிச் சொல்லச் சொல்ல, பாலுவுக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. சந்தோஷம்தான். ஆனால் அதை ஒரு சேத்துப்பட்டுப் பையன் முன்னால் காட்டிக்கொள்ள அவருக்கு மனமில்லை.

"எத்தினி நாளு உசிரோட இருப்பான்?" என்று மட்டும் கேட்டார்.

"பத்து வாரம்ணா. வாரத்துக்கு ஒரு எபிசோடு. பத்தாவதுலதான் சாவுறாரு."

பாலு மூன்று நிபந்தனை போட்டார். ஒன்று, எவனும் தூக்கக் கூடாது. இரண்டு, ராஜா சிம்மாசனத்திலிருந்து உருண்டு விழக் கூடாது, உட்கார்ந்தபடிதான் சாக வேண்டும். மூன்று, அவன் வரும்போது டொய்ங் என்று ஒரு சத்தம் போடுவார்களே, அது கூடாது.

"பாக்குறவன் எவனும் சிரிக்கக் கூடாது. அவ்ளோதான் எனக்கு."

"சத்தியமாணா. அழுவான் பாருங்க" என்றான் சார்லி.

அன்று சாப்பிடும்போது ரேணுகாம்பாளிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே, "ராஜாவா? பாவுல இன்னும் ரெண்டு சேலை பாக்கி கீது. அத்த நெஞ்சு அறுத்துட்டு அப்புறமா போயி ஆளுங்க" என்றாள்.

ஒரே வாரத்தில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. சொன்னது பாலு இல்லை. அடுத்த வீட்டுத் தறிக்காரர் கந்தசாமி சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்டுவிட்டார், அவருக்குக் காது அப்படி. டீக்கடையில் "ராஜாவுக்கு ஒரு டீ" என்றார்கள். பாலு முறைத்தார். ஆனால் டீயைக் குடித்தார்.

சித்திரையில் முதல் போன் வந்தது.

"அண்ணா, சின்ன சேஞ்சு. குதிரை கம்ப்யூட்டர்ல பறக்க மாட்டேங்குது. கதையைக் கொஞ்சம் சுருக்கிட்டோம். ராஜா ஆறாவது வாரத்துல செத்துடுறாரு."

"குதிரை பறக்கலன்னா குதிரைய சாவடி. ராஜா இன்னா பண்ணான்?"

"கதை அப்படிப் போவுதுணா."

வைகாசியில் இரண்டாவது போன். ராட்சசனாக நடிக்க இருந்தவருக்கு துபாயில் வேலை கிடைத்துவிட்டதாம். அவர் விமானம் ஏறுவதற்குள் அவர் பங்கை முடிக்க வேண்டும், அதனால் ராஜாவுக்கு இரண்டு வாரம்தான். பாலு நாடாவை மடியில் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் வாதாடினார். ராட்சசன் துபாய்க்குப் போனால் அது ராஜாவுக்கு நல்ல செய்தியாக அல்லவா இருக்க வேண்டும், எதிரி ஊரைவிட்டே போன பிறகு இவன் ஏன் சாக வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சார்லியிடம் இருந்தது தேதி மட்டும்தான்.

ஆனியில் அது முதல் எபிசோடு மட்டும் என்று ஆனது. ஆடி பிறந்ததும் சார்லி நேரிலேயே வந்தான். போனில் சொல்ல முடியாத அளவுக்குச் செய்தி மோசம் என்று பாலு அவன் உட்கார்ந்த விதத்திலேயே புரிந்துகொண்டார்.

"நாலு நிமிஷம்ணா."

"இன்னா நாலு நிமிஷம்?"

"ராஜா வர்றாரு, உக்கார்றாரு, ஒரு டயலாக் பேசுறாரு, செத்துடுறாரு. டைட்டிலுக்கு முன்னாடி. ஆனா செம வெயிட்டான சீன்."

பாலு அவனையே பார்த்தார். "ஏன்டா தம்பி, விஷ ஜொரம் வந்தவனே மூணு நாளு இழுத்துகினு கெடக்குறான். ஒரு தேசத்தையே ஆளுறவன் நாலு நிமிஷத்துல பூடுவானா? காபி ஆறதுக்குள்ளயா?"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கந்தசாமியின் குரல் வந்தது. "இன்னா பாலு, இன்னிக்கி நெலவரப்படி ராஜாவுக்கு எத்தினி நாளு?"

"உன் வேலையப் பாரு மாமா" என்று பாலு சுவரைப் பார்த்துக் கத்தினார்.

சார்லி போன பிறகு ரேணுகாம்பாள் வந்து நின்றாள். "வுட்டுத் தொலைங்களேன். எதுக்கு இந்தப் பேஜாரு?"

விட்டுவிடலாம்தான். பாலுவும் அன்றைக்குப் பகல் முழுக்க அதைத்தான் யோசித்தார். ஆனால் தான் விட்டால் சார்லி இன்னொருவனைப் பிடிப்பான். அவனை நாலு பேர் தூக்கிச் சிம்மாசனத்தில் வைப்பார்கள். அவன் படியில் உருண்டு விழுவான். பின்னால் டொய்ங் என்று ஒரு சத்தம் வரும். வச்சிரமுடி கற்பனை ராஜாதான், ஆனாலும் நாலு மாதமாக அவன் உயிருக்கு வாதாடி வாதாடி அவன் என்னவோ ரத்த சம்பந்தம்போல் ஆகிவிட்டான். அவனுடைய நாலு நிமிஷத்தைச் சிரிப்புக்கு விட்டுக்கொடுக்கப் பாலுவுக்கு மனசு வரவில்லை.

ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை, தேசூர் போகிற வழியில் ஒரு பாறைக் குன்றில் படப்பிடிப்பு. ரேணுகாம்பாளும் கூட வந்தாள். புருஷன் செத்த மாதிரி உட்காரப் போகிற இடத்துக்கு அவள் வராமல் இருப்பாளா? முந்தானையில் கற்பூரமும் எலுமிச்சம்பழமும் முடிந்து வைத்திருந்தாள்.

உடைக்கு வனிதா என்று ஒரு பெண். அவள் ராஜ அங்கியைப் போட்டுவிட்டதும் பாலு கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"இது பட்டு இல்லியேம்மா."

"நைலான்ணா. கேமராவுல பட்டு மாதிரியே தெரியும்."

"ஆரணியில உக்காந்துகினு ஒரு ராஜாவுக்கு நைலானா?"

கிரீடம் அட்டை, மேலே தங்கநிறப் பெயின்ட். ஆனால் வலை மட்டும் நிஜப் பட்டு. சேலையை அறுத்த பிறகு தறியில் மிஞ்சுகிற பாவு, நெய்வதற்கு நீளம் போதாதது, பாலு தன் தறியிலிருந்தே கொடுத்திருந்தார். மஞ்சள் இழை. ஒரே ஒரு கட்டுதான் இருந்தது. சார்லியின் ஆட்கள் அதை இரண்டு பாறைக்கு நடுவில் கட்டப் போய் சிக்கலாக்கி வைத்தார்கள். ஒருவன் பட்டிழையைச் செருப்புக்காலால் மிதித்துக்கொண்டே நின்றான். பாலு அஞ்சு நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார், அதற்குமேல் முடியவில்லை. கிரீடத்தோடும் ஒட்டுத்தாடியோடும் இறங்கி, ரேணுகாம்பாளை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, தானே இழை பிரித்துக் கட்டினார். காலை முழுக்க அதற்கே போனது.

அது முடிந்ததும் சிம்மாசனத்தில் ஏற வேண்டும். இடுப்பளவுப் பாறைமேல் அதை வைத்திருந்தார்கள். பாலு எப்படி ஏறுவது என்று பார்த்துக்கொண்டிருந்தபோதே கேமராவுக்கு உதவியாக வந்தவன் பின்னாலிருந்து இரண்டு கக்கத்திலும் கையைக் கொடுத்தான்.

"எட்றா கைய" என்று ஒரு சத்தம். குன்றில் இருந்த காக்காயெல்லாம் பறந்தன. மொத நிபந்தனையே போச்சு, நான் வீட்டுக்குப் போறேன் என்று பாலு கிரீடத்தைக் கழற்றிவிட்டார். சார்லி கையைப் பிடித்துச் சமாதானம் சொல்லி, கல்லைப் பொறுக்கிப் படி அடுக்க வைத்தான். அதில் ஒரு மணி நேரம்.

பிறகு காசு விவகாரம். செத்த ராஜாவின் நெற்றியில் அரச முத்திரையாக ஒரு பொற்காசு வைக்க வேண்டும் என்று சார்லி எழுதியிருந்தான். வனிதா காசைக் கையில் எடுத்ததும் ரேணுகாம்பாள் நடுவில் வந்து நின்றாள்.

"நெத்தியில காசு வெக்கிறது யாருக்குன்னு தெரியுமா உனுக்கு?"

"அக்கா, இது முத்திரைக்கா. கதையில அந்த ஊர் வழக்கம்."

"அந்த ஊரு வழக்கம் அந்த ஊருல. இவரு எங்க ஊரு."

சார்லி விளக்கினான், கெஞ்சினான். கடைசியில் தலையில் கைவைத்துக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்தே விட்டான். ரேணுகாம்பாள் அசையவில்லை. வனிதாதான் காசைக் கிரீடத்தின் முன்பக்கத்தில் ஒட்டிவிட்டு, "கிரீடத்துல வெச்சா ஒண்ணும் ஆவாதுல்லக்கா" என்றாள். ரேணுகாம்பாள் யோசித்துவிட்டுச் சரி என்றாள். அதற்குள் வெயில் குன்றுக்குப் பின்னால் சரிந்துவிட்டது.

"ஒரே டேக்குதாண்ணா" என்றான் சார்லி. குரலில் உயிரே இல்லை. "வெளிச்சம் போயிரும். இழையும் வேற இல்ல."

எதிரித் தளபதியாக ஜோசப்ராஜ். ஏதோ பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார், ஆறடிக்கு மேல் உயரம். அவர் வாளை ஓங்கிக்கொண்டு வந்தார். பாலு சிம்மாசனத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு மாதம் மனப்பாடம் செய்த ஒரே வசனத்தைச் சொன்னார்.

"ஓர் இழை மிஞ்சினாலும் இந்தத் தேசம் என்னுடையது."

அதற்குப் பிறகு நடிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஜோசப்ராஜ் ஒவ்வொரு வெட்டாக இழையை அறுக்க அறுக்க, பாலுவுக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது. பாவு அறுகிற சத்தம் அவருக்குத் தெரியும். இருபத்தைந்து வருஷமாக அந்தச் சத்தம் கேட்டால் கை தானாக நிற்கும், மனசு பதறும். இங்கே ஒரு மனிதன் வேண்டுமென்றே கொத்துக் கொத்தாக அறுக்கிறான். பாலுவின் முகம் கோணியது, கண்ணில் தண்ணீர் வந்தது. கடைசி இழையும் அறுந்ததும் சொன்னபடி தலையைச் சாய்த்து, கண்ணைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு செத்துப்போனார்.

ஒரு நிமிஷம் அசையக் கூடாது என்று சார்லி சொல்லியிருந்தான். பாலு அசையவில்லை. குன்றில் காற்று வந்தது. அறுந்த இழை ஒன்று பறந்து வந்து அவர் கைமேல் விழுந்தது. அதன் மறுதுண்டு சிம்மாசனத்தின் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. பாதி திறந்த கண்ணுக்கு நேராக, அரையடி தூரத்தில்.

அப்புறம் என்ன நடந்தது என்று பாலுவைக் கேட்டால், சத்தியமாக எனக்குத் தெரியாது என்பார். கை தானாக எழுந்தது. இரண்டு முனையையும் பிடித்தது, முறுக்கியது, முடிச்சுப் போட்டது, நிற்கிறதா என்று ஒருமுறை சுண்டிப் பார்த்தது. பிறகு மடியில் விழுந்தது.

சார்லி கட் சொல்லிவிட்டுக் கிட்டே வந்தான்.

"அண்ணா" என்றான். "நீங்க செத்துட்டீங்கண்ணா."

"தெரியும்."

"செத்தவரு முடிச்சுப் போடுறீங்கண்ணா."

பாலு குனிந்து பார்த்தார். கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு முடிச்சு இருந்தது. முதலில் ஜோசப்ராஜ்தான் சிரித்தார். வாளை ஊன்றிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வனிதா உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. படியடுக்கிய பையன்கள், கேமராக்காரன், கடைசியில் சார்லியும்.

மூன்று நிபந்தனை போட்டு, நாலு மாதம் சண்டை பிடித்து, கடைசியில் ராஜாவைத் தன் கையாலேயே கோமாளியாக்கிவிட்டோமே என்று பாலுவுக்கு அவமானத்தில் காது சுட்டது. அவமானம் வந்தால் அவருக்கு அடுத்து வாதம்தான் வரும்.

"வலை மொத்தமா அறுந்தாதான் ராஜா சாவான்னு எழுதினது யாரு? நீதான? இதோ பாரு, ஒரு இழை கீது. அவன் இன்னும் சாவல. சட்டப்படி சாவல."

"அண்ணா, ஏற்கெனவே நான் நொந்துபோயிருக்கேன்."

"உன் கதைய ஒழுங்கா எழுதக் கத்துக்கோ மொதல்ல."

வெளிச்சம் போயே போய்விட்டது. பாவு துண்டு துண்டாகக் கிடந்தது. திரும்ப எடுக்க வழியில்லை. ரேணுகாம்பாள் மட்டும் சிரிக்காமல் வந்து, அவரைக் கிழக்கே பார்த்து நிறுத்தி, கற்பூரம் சுற்றிப் போட்டு எலுமிச்சம்பழத்தை மிதிக்கச் சொன்னாள். மூட்டை கட்டும்போது கேமரா உதவியாளன் சார்லியிடம் சொன்னது பாலுவின் காதில் விழுந்தது. "அந்த முடிச்ச மட்டும் தனியா வெட்டிப் போடுங்க ப்ரோ. பின்னாடி காமெடி மியூசிக். பிச்சிக்கும்."

பாலு நேராக சார்லியிடம் போனார். "அத்த வெளிய வுட்டியானா, என் மூஞ்சியில முழிக்காத."

"எடிட்டிங்ல பாக்குறேண்ணா" என்றான் சார்லி. அது ஒரு பதிலா?

அடுத்த மூன்று வாரம் சார்லி போனை எடுக்கவில்லை. பாலுவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இருபது வருஷமாக எத்தனை மண்டபத்தைத் திருப்பி அனுப்பினார், ஒரு சிவப்பு மூக்குக்கு இடம் கொடுக்காமல். இப்போது ஊரே கைபேசியில் பார்த்துச் சிரிக்கப் போகிறது. எரிச்சலில் ரேணுகாம்பாளிடம் உப்பு ஜாஸ்தி என்றார், மறுநாள் கம்மி என்றார். அவள் மூன்றாம் நாள் உப்பு டப்பாவையே இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எபிசோடு வந்தது. கந்தசாமி வீட்டில் பெரிய டிவி. தெருவில் பாதிப்பேர் அங்கே. பாலு தறியைவிட்டு எழுந்திருக்கவில்லை. கந்தசாமியே வாசலில் வந்து நின்றார்.

"வா பாலு. பொணம் இல்லாம எப்படி சாவு எடுக்குறது?"

"இன்னா பேச்சு பேசுறீங்க மாமா" என்று ரேணுகாம்பாள் சீறினாள். பிறகு புருஷனைப் பார்த்து, "எந்திரிங்க. எவன் சிரிக்கிறான்னு நானும் பாக்குறேன்" என்றாள்.

போனார். கதவோரம் நின்றுகொண்டார். திரையில் இருட்டு, பிறகு பொன்னிற வலை, நடுவில் வச்சிரமுடி. அட்டைக் கிரீடம் நிஜத் தங்கமாக இருந்தது. நைலான்கூடப் பரவாயில்லை. அவன் நிமிர்ந்து உட்கார்ந்து வசனத்தைச் சொன்னான். டொய்ங் வரவில்லை. வாள் இறங்கியது, இழை அறுந்தது, அவன் முகம் கோணியது, தலை சாய்ந்தது. பாலு கண்ணை மூடிக்கொண்டார். இங்கே வெட்டியிருந்தால் தப்பித்தோம். வெட்டவில்லையென்றால் இப்போது சிரிப்பார்கள்.

சிரிப்பு வரவில்லை. கண்ணைத் திறந்தார். சார்லி வெட்டவில்லை. செத்துக்கொண்டிருந்த ராஜாவின் கை மெதுவாக எழுந்து, அறுந்த தேசத்தில் ஒரே ஒரு இழையைத் தேடிப் பிடித்து முடிந்தது, சுண்டிப் பார்த்தது, விழுந்தது. இசை எதுவும் இல்லை, குன்றில் அடித்த காற்று மட்டும் கேட்டது. பிறகு இருட்டு, தலைப்பு.

 பாலு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"பாலு" என்றார் கந்தசாமி. பிறகு ரிமோட் வைத்திருந்த பையனிடம் திரும்பினார். "கொஞ்சம் பின்னால ஓட்டு. அங்க. நிறுத்து." எழுந்து போய் டிவிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார். "முடிச்சு ரெண்டு வாலும் அப்படியே நீட்டிகினு நிக்குது."

"ஆமா" என்றாள் எதிர்வீட்டுப் பாஞ்சாலை. "நறுக்கவே இல்ல."

"இத்த அச்சுல வுட்டா பக்கத்து இழையும் போயிடும்."

"முறுக்குறதுக்கு எச்சில் கூடத் தொடல. வெறும் முடிச்சு."

பாலுவுக்குத் தாங்கவில்லை. "யோவ், அவன் செத்துகினு கீறான்யா. கத்திரிக்கு எங்க போவான்?"

"பல்லால கடிக்கலாம்ல?" என்றார் கந்தசாமி.

பாலு ஆதரவுக்கு ரேணுகாம்பாளைத் திரும்பிப் பார்த்தார். அவள் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினாறு வருசத்துல வால் வுட்டு இப்பதான் பாக்குறேன்" என்றாள். "அதுவும் ஊரே பாக்குற எடத்துல."

பாலு விருட்டென்று வீட்டுக்கு வந்து தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தார். நாடாவை எடுத்தார், வைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் முடிச்சைப் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. எடது கையால சுத்தினது தப்பு என்று யாரோ சொன்னார்கள், இல்லை சரிதான் என்று இன்னொருவர். அவர் காதைக் கொடுத்துக் கேட்டார். வேறு ஏதாவது சொல்கிறார்களா என்று வெகுநேரம் கேட்டார். உயரத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஒருவரும் சிரிக்கவும் இல்லை. அது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆனால் அந்த இரண்டு வால் மட்டும் கண்ணைவிட்டுப் போக மாட்டேன் என்றது.

போனை எடுத்தார். இந்தமுறை சார்லி முதல் மணியிலேயே எடுத்தான், பயந்துகொண்டே.

"அண்ணா, திட்டாதீங்க. எனக்கு வெட்ட மனசு வரல."

"அது கெடக்கட்டும். அந்த சீன திரும்ப எடுக்கணும்."

"ஏண்ணா? எல்லாரும் அழுவுறாங்கண்ணா."

"அழுவட்டும். வால் நறுக்கல. ஆரணியில நான் தலை காட்ட வேணாமா? பாவு நான் கொண்டாரேன்."

"அதெல்லாம் சேத்தா நாலு நிமிஷம் தாண்டிடும்ணா."

"தாண்டட்டும்" என்றார் பாலு. "நாலரை நிமிஷம் இருந்துட்டுச் சாவட்டும் அவன்."